பக் நாய்க்குப் பாதுகாப்பான உடற்பயிற்சி: மூச்சை அளவாகக் கொண்ட முழுமையான வழிகாட்டி

2003-ஆம் ஆண்டு வெளிவந்த ஹட்ச் கைப்பேசி விளம்பரத்தில், ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே நடந்து போன சிறிய பக் நாயை மறந்தவர்கள் குறைவு. நம் ஊர் அடுக்குமாடிகளுக்குள் அந்த இனம் பெருமளவில் நுழைந்தது அதன் பிறகுதான். பக் நாயை வளர்த்தவர்களுக்கு, அந்த விளம்பரம் காட்டிய குணம் உண்மையானது என்று தெரியும். எசமானர் எழுந்தால் அது எழும், நடந்தால் நடக்கும், அவர் நிற்கும்வரை அது நிற்காது. அதை நடைக்கு அழைத்துச் செல்வதில் உள்ள பெரிய ஆபத்தும் இந்தக் குணத்தில்தான் இருக்கிறது. கால்கள் தளர்வதற்கு வெகு முன்பே அதன் மூச்சு தளர்ந்துவிடுகிறது. ஆனாலும் அது பின்வாங்காமல் உடன் வருகிறது. ஆகவே, எப்போது நிறுத்துவது என்ற முடிவை நாயிடம் விடாமல் நாமே எடுத்தாக வேண்டும். அந்த முடிவைச் சரியாக எடுப்பதற்குத் தேவையானவற்றை, தமிழ்நாட்டின் வெயிலையும் புழுக்கத்தையும் மனத்தில் வைத்து, இங்கே வரிசையாக எழுதுகிறேன். பக் நாயை முன்வைத்து எழுதினாலும், ஷிட்சூ, பெக்கினீஸ், பாஸ்டன் டெரியர், பிரெஞ்சு புல்டாக் ஆகியவற்றை வளர்ப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு விளக்கம்: தட்டை முகம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம்

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். உடலில் ஏறிய சூட்டை அது வாயாலும் மூக்காலும்தான் வெளியேற்றுகிறது. வேகமாக இரைக்கும்போது, நாக்கிலும் மூக்கின் உட்புறச் சவ்விலும் உள்ள ஈரம் ஆவியாகி இரத்தத்தைக் குளிர்விக்கிறது. நீண்ட மூக்குள்ள நாய்க்கு அந்த மூக்கினுள்ளே சுருள் சுருளாக அமைந்த பெரிய ஈரப்பரப்பு ஒன்று இருக்கிறது. பக் நாயின் மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கிக்கொண்டே வந்த மனிதர்களால், அந்த எலும்புக்குள்ளே அடங்க வேண்டிய சதையை அதே அளவுக்குக் குறுக்க முடியவில்லை. அதனால் வாயின் மேற்கூரையில் பின்பக்கமாக உள்ள மென்சதையான மெல்லண்ணம் தேவைக்கு மேல் நீண்டு தொண்டையில் தொங்குகிறது, நாக்கு வாய்க்கு மிஞ்சிய பருமனுடன் கிடக்கிறது, மூக்குத் துளைகள் கீறல் போலச் சுருங்கியிருக்கின்றன. பல நாய்களுக்கு மூச்சுக்குழாயும் குறுகலாகவே அமைகிறது.

இப்படிப்பட்ட வழியில் காற்றை இழுக்க நாய் அதிக வலுவுடன் உறிஞ்ச வேண்டியிருக்கிறது. அந்த உறிஞ்சலே தொண்டைச் சதையை வீங்கச் செய்கிறது. வீக்கம் வழியை மேலும் அடைக்கிறது. அடைத்த வழியில் மூச்சு வாங்கும் உழைப்பே உடலில் புதிய சூட்டை உண்டாக்குகிறது. குளிர்வதற்காகத் தொடங்கிய இரைப்பு, ஒரு கட்டத்துக்குப் பிறகு நாயைச் சூடாக்கத் தொடங்குகிறது. இந்தச் சுழலுக்குள் நாய் விழுவதற்கு முன்பே நடையை நிறுத்துவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம்.

பிரிட்டனில் 2016-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தட்டை முக நாய்களுக்கு வெப்பத் தாக்கு ஏற்படும் வாய்ப்பு, நடுத்தர நீளமுள்ள முகம் கொண்ட நாய்களைவிடச் சுமார் 2 மடங்கு என்று தெரியவந்தது. பூட்டிய காரில் விடப்பட்ட நாய்களே வெப்பத்தால் பாதிக்கப்படுகின்றன என்று பலரும் எண்ணுகிறோம். ஆனால் அந்தப் பதிவுகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு நாய்கள் நடையாலும் ஓட்டத்தாலும் விளையாட்டாலும் பாதிக்கப்பட்டவை. பிரிட்டனின் மிதமான வெயிலிலேயே இந்த நிலை என்றால், சித்திரை மாதச் சென்னையில் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

முதற்படி: நடைக்கு முன் மருத்துவரிடம்

பயிற்சியைத் தொடங்குவதற்கு முன், நாயின் மூச்சுவழி எந்த நிலையில் இருக்கிறது என்று கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டறிய வேண்டும். "பக் என்றால் குறட்டை விடத்தானே செய்யும்" என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். லண்டனில் உள்ள ராயல் வெட்னரி கல்லூரி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுவழி அடைப்பின் அறிகுறிகள் தெளிவாக இருந்த நாய்களின் உரிமையாளர்களில் 58 சதவீதத்தினர், தங்கள் நாய்க்கு மூச்சுக் கோளாறு எதுவும் இல்லை என்றே கூறினார்கள். அவர்கள் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். தினமும் கேட்டுப் பழகிய ஓசை காதில் விழாமலே போய்விடுகிறது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ஓர் எளிய சோதனை முறை உண்டு. அதை 2019 முதல் பிரிட்டனின் கென்னல் கிளப்பும் கைக்கொண்டிருக்கிறது. நாய் அமைதியாக நிற்கும்போது மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பைத் தொண்டைப் பக்கம் வைத்துக் கேட்கிறார். பிறகு நாயை 3 நிமிடம் துள்ளுநடையாக நடத்திவிட்டு மீண்டும் கேட்கிறார். கேட்ட ஓசையையும் நாய் மூச்சு வாங்கப் படும் சிரமத்தையும் வைத்து 0 முதல் 3 வரை தரம் குறிக்கிறார். 0, 1 ஆகிய தரங்களில் உள்ள நாய்க்கு இங்கே சொல்லும் பயிற்சி பொருந்தும். 2 என்றால், பயிற்சியின் அளவையும் சிகிச்சையையும் மருத்துவருடன் பேசி முடிவு செய்ய வேண்டும். 3 என்றால் முதலில் சிகிச்சை, பிறகுதான் நடை. மூக்குத் துளையை அகலப்படுத்தியும் மெல்லண்ணத்தின் மிகையான நீளத்தைக் குறைத்தும் செய்யும் அறுவைச் சிகிச்சை பல நாய்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. நம் ஊரில் எல்லா மருத்துவர்களும் இந்தத் தரப் பெயரைப் பயன்படுத்த மாட்டார்கள். "நிற்கும்போது ஒரு முறை, வேகமாக நடத்திய பிறகு ஒரு முறை மூச்சைக் கேட்டுச் சொல்லுங்கள் டாக்டர்" என்று நாமே கேட்கலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளிலும் காட்டலாம்.

அதே வருகையில் இன்னும் இரண்டைப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்று, உண்ணிக் காய்ச்சல். நம் ஊரில் உண்ணியால் பரவும் கிருமிகள் இரத்தச் சோகையை உண்டாக்குகின்றன. அத்தகைய நாய் நடக்க மறுப்பதைச் சோம்பல் என்று தவறாக எண்ணி, மேலும் நடத்திவிடுகிறோம். மற்றொன்று, கால் மூட்டும் முதுகெலும்பும். பக் நாய்க்கு முழங்கால் சில்லு நழுவுவதும், முதுகெலும்பின் கண்ணிகள் பிறவியிலேயே கோணலாக அமைவதும் உண்டு. நடக்கும்போது பின்னங்கால் நகம் தரையில் உராயும் ஓசை கேட்டால், மூன்று காலில் தத்திவிட்டு மீண்டும் நான்கு காலில் நடந்தால், அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டிலிருந்தபடியே மூச்சைக் கற்றுக்கொள்வது

இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

ஒரு வாரம் நடை எதையும் மாற்றாமல் நாயைக் கவனியுங்கள். அது ஆழ்ந்து உறங்கும்போது, விலா ஏறி இறங்குவதை ஒரு மூச்சு என்று கணக்கிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். நலமான நாய்க்கு உறக்கத்தில் அது 30-க்குள் இருக்கும். எங்கள் வீட்டுப் பக்கிற்கு 18 முதல் 22 வரை இருப்பதால், 28 என்று ஒருநாள் எண்ணினால் அன்று நடை கிடையாது என்று வைத்திருக்கிறோம். பொதுவான எல்லையைவிட, உங்கள் நாயின் வழக்கமான எண் அதிகம் உதவும்.

உறங்கும் விதத்தையும் பாருங்கள். தாடையை எதன் மீதாவது தூக்கி வைத்துக்கொண்டு உறங்குவது, வாயில் பொம்மையைக் கவ்வியபடியே உறங்குவது, உட்கார்ந்த நிலையிலேயே தலை சாய்ந்து சாய்ந்து விழித்துக்கொள்வது ஆகியவை பார்ப்பதற்கு அழகாக இருக்கும். நாம் படமும் எடுப்போம். படுத்தால் மூச்சுவழி அடைந்துகொள்வதால் அந்த நாய் கண்டுபிடித்த வழிகள் அவை. இவற்றைக் கண்டால் பயிற்சியை ஒத்திவைத்துவிட்டு முதற்படிக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்து ஓசைகள். தொண்டையில் கரகரவென்று கேட்கும் தாழ்ந்த ஓசை, பெரும்பாலும் மெல்லண்ணம் அதிர்வதால் வருவது. அது சிறிது நடந்த பிறகு கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது விசில் போலவோ, ரம்பம் அறுப்பது போலவோ கூர்மையான ஓசை கேட்டால், குரல்வளையே குறுகியிருக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவ்விரண்டிலிருந்தும் வேறான மூன்றாவது ஓசை ஒன்று உண்டு. நாய் திடீரென்று நின்று, கழுத்தை நீட்டி, மூக்கால் உள்ளுக்கு உள்ளே இழுத்து இழுத்துச் சீறும். தும்மல் பின்னோக்கிப் போவது போல இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் நாய் மூச்சுத் திணறிச் சாகிறது என்றே அஞ்சுவார்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக அடங்கும். நாயை அமைதியாகத் தடவிக்கொடுத்தால் போதும். ஈறின் நிறம் மாறினாலோ, ஒரு நிமிடம் கடந்தும் தொடர்ந்தாலோ அது வேறு விஷயம்.

ஈறின் நிறம் என்றதால் அதையும் சொல்லிவிடுகிறேன். நாய் ஓய்வாக இருக்கும்போது மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். பக் நாய்களுக்குச் சில இடங்களில் ஈறு இயல்பாகவே கருத்திருக்கும். அப்படியானால் இளஞ்சிவப்பாக உள்ள ஓர் இடத்தையோ நாக்கையோ அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டும். இயல்பான நிறம் கண்ணில் பதிந்திருந்தால்தான் ஆபத்தான நிறத்தை ஒரு நொடியில் அறிய முடியும்.

மூன்றாம் படி: எடை

பக் நாயின் இனத் தரத்தில் சொல்லப்படும் எடை ஏறத்தாழ 6.3 முதல் 8.1 கிலோ. நம் வீடுகளில் 11, 12 கிலோ பக் நாய்களைச் சாதாரணமாகக் காணலாம். தொண்டையைச் சுற்றிப் படியும் கொழுப்பு, ஏற்கெனவே குறுகிய வழியை வெளியிலிருந்து நெருக்குகிறது. தோலின் கீழ்ப் படியும் கொழுப்பு சூட்டை வெளியேற விடாமல் போர்வை போலத் தடுக்கிறது. எடை குறைக்க வேண்டிய நாயை நடத்தியே இளைக்க வைப்போம் என்று தொடங்குவது மிகவும் ஆபத்தானது. முதலில் உணவைத் திருத்த வேண்டும், பிறகு மெதுவாக நடையைக் கூட்ட வேண்டும். விரல்களை அழுத்தாமல் விலாவின் மேல் ஓட்டினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். வீட்டில் தாத்தா ஒரு மேரி பிஸ்கட், பாட்டி ஒரு வாய் பால்சோறு, பிள்ளைகள் ஆளுக்கொன்று என்று கொடுப்பவை எல்லாம் கணக்கில் வர வேண்டும். ஒரு நாளைக்கு உரிய தீனியை காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டு, யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது எங்கள் வீட்டில் மட்டும் நான்கு மாதத்தில் ஒரு கிலோவைக் குறைத்தது.

நான்காம் படி: நேரத்தையும் வானிலையையும் தேர்ந்தெடுப்பது

வெயில் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை என்று நினைப்பதுதான் நம் கடற்கரை ஊர்களில் நடக்கும் பெரிய தவறு. நாய் குளிர்வது ஈரம் ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் நாக்கின் ஈரம் ஆவியாகாது. நாய் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் விடியற்காலையில் வெப்பம் குறைவாக இருந்தாலும் புழுக்கம் உச்சத்தில் இருக்கும். கத்திரி வெயில் காலத்தில், விடிவதற்கு முன்பே சட்டை உடம்போடு ஒட்டும் நாள்கள் உண்டு. அந்த நாள்களில் வெளியே நடைக்கு உகந்த நேரம் என்று ஒன்றே கிடையாது என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூத்திரம், மலம் கழிக்க ஐந்து நிமிடம் வெளியே போய் வந்துவிட்டு, மீதிப் பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்நாட்டு ஊர்களின் கணக்கு வேறு. வேலூர், திருச்சி, மதுரை போன்ற இடங்களில் பகல் வெக்கை கடற்கரையைவிடக் கொடுமையாக இருந்தாலும், காற்று உலர்ந்திருப்பதால் அதிகாலை நடை பெரும்பாலும் தாங்கும். ஆனால் மாலை நடை அங்கே சரிவராது; பகல் முழுவதும் வெயில் குடித்த சுவரும் சாலையும் இரவு எட்டு மணிக்கும் அனலை வீசிக்கொண்டிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மாலையும் கிடைக்கிறது. எல்லா ஊருக்கும் பொதுவாக, மார்கழியும் தையும் பக் நாயின் பொற்காலம். நடையின் அளவைக் கூட்டுவதை அந்த மாதங்களுக்கு என்று வைத்துக்கொள்வது நல்லது.

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய கருவி ஒன்றைப் பால்கனியில் மாட்டிவைத்து, நான் பின்பற்றும் அளவு இது. 24 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் வழக்கமான நடை. 24 முதல் 28 வரை, காற்று உலர்ந்திருந்தால் பாதி நடை. ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை. 28-ஐத் தாண்டினால் வெளியே பயிற்சி இல்லை. இது ஒரு நலமான, சரியான எடையுள்ள, நடுவயது நாய்க்காக நான் வகுத்துக்கொண்ட அளவு. மூத்த நாய்க்கும் பருத்த நாய்க்கும் இதைவிடக் குறைக்க வேண்டும். நாள் முழுவதும் ஏசி அறையில் இருக்கும் நாய்க்கு உடல் வெயிலுக்குப் பழகியிருக்காது என்பதால், அதற்கு மேலும் குறைவு.

கோடையின் முதல் வெக்கை நாள்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உடல் சூட்டுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகிறது. மாசி கடைசியில் திடீரென்று ஏறும் வெயிலில், தை மாதத்து நடையையே தொடர்வதால் பாதிக்கப்படும் நாய்கள் பல. கோடை மழை பெய்து ஓய்ந்த மாலையும் அப்படித்தான். சாலை நனைந்திருக்கும், நமக்கு இதமாக இருக்கும். ஆனால் காற்று நீராவியால் நிறைந்திருக்கும். அப்படி ஒரு வைகாசி மாலையில்தான் எங்கள் நாயை நான் பாதி வழியிலிருந்து தூக்கிக்கொண்டு வர நேர்ந்தது.

புறப்படும் முன், புறங்கையைச் சாலையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. பக் நாயின் வயிறு தரைக்கு அருகில் இருப்பதால், தார்ச்சாலையின் அனல் நம் முகத்துக்கு வருவதைவிட அதற்கு அதிகமாக வருகிறது.

ஐந்தாம் படி: கையில் இருக்க வேண்டியவை

கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி பக் நாயை நடத்தக் கூடாது. இழுபடும் ஒவ்வொரு முறையும் அது மூச்சுக்குழாயை நெரிக்கிறது. ஆழமற்ற குழியில் அமர்ந்திருக்கும் அதன் பெரிய கண்களுக்கும் கழுத்தில் விழும் அழுத்தம் கேடு. முன்மார்பில் ஒய் எழுத்து வடிவில் அமைந்து, தொண்டைக்கு மேலே ஏறாத மார்புப்பட்டை, அதாவது ஹார்னஸ்தான் ஏற்றது. தடித்த பஞ்சு வைத்துத் தைத்து, உடம்பை மூடிவிடும் ஹார்னஸ் நம் ஊருக்கு ஆகாது. மெல்லிய பட்டைகளால் ஆனதே போதும். பட்டைக்கும் உடலுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். கயிறு ஐந்து, ஆறு அடி இருக்கலாம். சுருள் பெட்டியிலிருந்து நீளும் கயிறு, தெருநாய்கள் எதிர்ப்படும் தெருவில் நாயைக் கைக்கு எட்டாத தொலைவில் விட்டுவிடும்.

ஒரு பாட்டில் குளிர்ந்த நீர், ஒரு சிறிய கிண்ணம், எதிர்பாராத நேரத்தில் நாயைத் தூக்கிவரத் தோளில் மாட்டும் துணிப்பை. இவை போதும்.

ஆறாம் படி: நடை

உணவு கொடுத்து இரண்டு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். தட்டை முக நாய்கள் உண்டதை எளிதில் எதிர்க்களித்துவிடும். மூச்சிரைக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலைத் தாக்கும். நடை முடிந்த பிறகும், மூச்சு முழுவதும் அடங்கும்வரை தீனி வைக்கக் கூடாது.

முதல் மூன்று நிமிடம் நாய் விரும்பியபடி மோந்து மோந்து நடக்கட்டும். பிறகு, நம் சாதாரண நடையைவிடச் சற்று மெதுவான, சீரான வேகம். வாய் மூடியோ லேசாகத் திறந்தோ இருந்தால் நலம். நாக்கு வெளியே வந்து, நுனி அகலமாக விரிந்து, மண்வெட்டி போலத் தட்டையானால், உடல் குளிர்வதற்குப் பாடுபடத் தொடங்கிவிட்டது. அந்த இடத்திலேயே நிழலில் நின்று, இரைப்பு தணிந்த பிறகு வீட்டை நோக்கித் திரும்ப வேண்டும். முழங்கையை அகட்டிக்கொண்டு நிற்பது, உதட்டு ஓரம் பின்னுக்கு இழுபடுவது, கயிற்றில் கெட்டியான எச்சில் தொங்குவது, கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்துப் பார்ப்பது, மூச்சின் ஓசை மாறுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நடை முடிந்தது, தூக்கிக்கொள்ள வேண்டும். இவற்றில் ஓசை மாறுவதையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன். கண் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போதும் காது நாயின் மீது இருக்கும். இதற்காகவே நடையின்போது காதில் இயர்போன் மாட்டக் கூடாது.

எந்த இடத்திலும், வந்த வழி முழுவதையும் திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நேராகத் தொலைவுக்குப் போய்த் திரும்புவதைவிட, வீட்டைச் சுற்றிச் சிறு வட்டங்களாக நடப்பது நல்லது. எந்த நிமிடத்தில் நிறுத்தினாலும் வீடு அருகில் இருக்கும்.

பந்தை எறிந்து எடுத்துவரச் சொல்லும் விளையாட்டு, சைக்கிள் அல்லது ஸ்கூட்டருக்குப் பின்னால் ஓட விடுவது, பெரிய நாய்களுடன் துரத்திப் பிடிப்பது ஆகிய மூன்றும் இந்த இனத்துக்கு வேண்டாம். மூன்றிலும் நாயின் கிளர்ச்சி அதன் களைப்பை மறைத்துவிடுகிறது. நீச்சலும் அப்படியே. மூக்கை நீருக்கு மேல் வைத்துக்கொள்ள அது தலையை மிகவும் நிமிர்த்த வேண்டியிருப்பதால் உடல் செங்குத்தாகி மூழ்கிவிடும். மிதவைச் சட்டை இல்லாமல் கிணற்றிலோ குளத்திலோ இறக்கக் கூடாது.

வீடு வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். இரைப்பு அடங்கி, மூச்சு இயல்புக்குத் திரும்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்பதுதான் அன்றைய நடை சரியாக இருந்ததா என்பதற்கான தீர்ப்பு. பத்து நிமிடத்துக்குள் அடங்கினால் அளவு சரி. கூடினால், அடுத்த நாள் நடையை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். அதன் பின், முக மடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். விரல் இடுக்கிலும் காது ஓரத்திலும் உண்ணி பார்க்க வேண்டும். கண்களைப் பார்க்க வேண்டும். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தால் புல்லோ முள்ளோ கீறியிருக்கலாம். பக் நாயின் கண்ணில் ஏற்படும் புண் வேகமாக ஆழமாகும் என்பதால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

ஏழாம் படி: அளவைக் கூட்டுவது

முதல் வாரம் ஒரு வேளைக்கு 5 நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை. அடங்கும் நேரம் வாரம் முழுவதும் பத்து நிமிடத்துக்குள் இருந்தால் மட்டும் அடுத்த வாரம் 2 நிமிடம் கூட்டலாம். இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஆறாவது வாரத்தில் ஒரு வேளைக்கு 15 நிமிடம் வரும். நலமான பெரும்பாலான பக் நாய்களுக்குக் குளிர்ந்த மாதங்களில் 15 முதல் 20 நிமிடம், இரண்டு வேளை போதுமானது. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை. நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. ஒரு வயது ஆகாத குட்டிக்கு இந்த அட்டவணை வேண்டாம். விளையாட்டும் உறக்கமும் அதற்குப் போதும்.

எட்டாம் படி: வீட்டுக்குள்

பங்குனி முதல் ஆனிவரை, கடற்கரை ஊர்களில் வாழும் பக் நாய்க்கு உண்மையான உடற்பயிற்சி வீட்டுக்குள்தான் நடக்க வேண்டும். மின்விசிறியோ ஏசியோ ஓடும் அறையில், வழவழப்பான டைல்ஸ் மீது ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். வழுக்கும் தரை முழங்காலுக்குப் பகை. பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டி வைத்தால், அதை மூக்கால் பிரித்து எடுக்க ஐந்து நிமிடம் உழைக்கும். முட்டை அட்டையின் குழிகளில் தீனியைப் போட்டு மேலே காகித உருண்டைகளை வைக்கலாம். ஒருவர் நாயைப் பிடித்திருக்க, இன்னொருவர் அடுத்த அறையில் ஒளிந்துகொண்டு கூப்பிடும் விளையாட்டு பிள்ளைகளுக்கும் பிடிக்கும். தரையில் வரிசையாக வைத்த துடைப்பக் கட்டைகளை மெதுவாகத் தாண்டி நடக்க வைப்பது பின்னங்கால்களை வலுவாக்கும். மோப்பம் பிடிப்பதில் நாயின் மூளை உழைக்கிறது. பத்து நிமிட மோப்ப விளையாட்டுக்குப் பிறகு அது நிறைவாக உறங்குவதைப் பார்க்கலாம். மோப்பம் பிடிக்கும்போதும் மூச்சு வேகமாகும் என்பதால், நாக்கு தட்டையானால் இங்கேயும் நிறுத்த வேண்டும். கட்டிலிலிருந்தும் சோபாவிலிருந்தும் குதிப்பதைப் பயிற்சியாகக் கொள்ளக் கூடாது. முதுகெலும்புக்கு அது நல்லதல்ல.

மீறிப் போய்விட்டால்

நிறுத்திய பிறகும் இரைப்பு கூடிக்கொண்டே போவது, ஈறு செங்கல் நிறமாகவோ வெளுத்தோ நீலம் பாய்ந்தோ போவது, தள்ளாடுவது, வாந்தி, கழிச்சல், வலிப்பு, மயக்கம் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 106-ஐ எட்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கிவிடும். வெப்பமானியைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

நிழலுக்குக் கொண்டுவந்து, கழுத்திலிருந்து வால்வரை, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தொடர்ந்து நீரை ஊற்றுங்கள். மூக்கிலும் வாயிலும் நீர் போகக் கூடாது. கூடவே மின்விசிறியைத் திருப்பிவையுங்கள், இல்லையென்றால் அட்டையால் விசிறுங்கள். நீர் பனிக்கட்டியாக இருக்க வேண்டியதில்லை. நாயின் உடலைவிடக் குளிர்ந்திருந்தால் போதும். இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் நீர் கொதிக்கும். கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, சூடாக இருந்தால் குடிநீர்க் கேனையோ குளியலறை வாளியில் பிடித்து வைத்த நீரையோ பயன்படுத்த வேண்டும். ஈரத்துண்டால் நாயைப் போர்த்திவிடக் கூடாது. சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூடாகி, உள்ளிருக்கும் அனலை அடைத்துவிடும். சுயநினைவோடு தானாகக் குடித்தால் நீர் வைக்கலாம், வாயில் ஊற்றக் கூடாது. மனிதர்களுக்கான பாராசிட்டமால் போன்ற காய்ச்சல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது; இந்தச் சூட்டை அவை தணிக்காது, உடலைக் கெடுக்கும்.

ஒருவர் நீர் ஊற்றும்போதே மற்றொருவர் மருத்துவரை அழைக்கட்டும். வெப்பம் பார்க்க முடிந்தால் 103-க்கு இறங்கியதும் நீரை நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே வேகமாக இறங்கினால் உடல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். பிறகு காரில் ஏசியை முன்கூட்டியே ஓட விட்டு, ஆட்டோ என்றால் நாயை ஈரத்துடனே மடியில் வைத்துக் காற்றுப் படும்படி கொண்டு செல்லுங்கள். வழியிலேயே எழுந்து வாலாட்டினாலும் திரும்பிவிடக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் ஏற்படும் கோளாறும் பல மணி நேரம் கழித்தும், ஓரிரு நாள் கழித்தும் வெளிப்படுவதுண்டு. இரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

ஒருமுறை வெப்பத் தாக்குக்கு ஆளான நாயை, மருத்துவர் அனுமதிக்கும்வரை நடத்தக் கூடாது. அனுமதித்த பிறகும், முன்பு எத்தனை நிமிடம் நடந்துகொண்டிருந்தது என்பதைக் கணக்கில் எடுக்காமல், குளிர்ந்த ஒரு காலையில், முதல் வாரத்து 5 நிமிடத்திலிருந்தே தொடங்க வேண்டும்.